எல்லைக்கு அந்தப் பக்கத்து உப்புத்தண்ணிக் கடை: கேன் வாங்கலாம், கார்டு வேண்டாம்

களியக்காவிளை தாண்டிப் பாறசாலை போகிற வழியில் ஒரு மீன்கடை. முன்பக்கம் கப்பி, மோலி, கோல்டு ஃபிஷ் என்று எல்லாக் கடையிலும் இருப்பவைதான். பின்னால் ஏசி போட்ட சின்ன அறை ஒன்று உண்டு, கடல்மீன் அங்கே. நான் போவது மீனுக்காக இல்லை, தண்ணிக்காக. பெயர் போட வேண்டாம் என்று கடைக்காரர் கேட்டுக்கொண்டார், போடவில்லை. மார்த்தாண்டம், குழித்துறைப் பக்கம் கடல்மீன் தொட்டி வைத்திருக்கிறவர்களுக்கு எந்தக் கடை என்று சொல்லாமலே விளங்கும்.

தண்ணி விஷயத்தில் அங்கே நாலு சரக்கு. ஆர்ஓ டிஐ தண்ணி (கரைந்திருப்பதையும் வடிகட்டி நீக்கிய சுத்தத் தண்ணி), கடல்தொட்டிக்கென்று விற்கும் உப்பு கலந்து ரெடியாக வைத்திருக்கும் தண்ணி, கடலில் அள்ளி வந்த தண்ணி, கடைசியாக ‘மெயின்டனன்ஸ் கார்டு’. கார்டு எடுத்தால் பதினைந்து நாளைக்கு ஒருக்கா ஒரு பையன் வீட்டுக்கு வந்து தொட்டியில் கால்வாசித் தண்ணியை மாற்றிவிட்டுப் போவான். முதல் இரண்டையும் கண்ணை மூடிக்கொண்டு வாங்கலாம். மூன்றாவதைக் காலம் பார்த்து வாங்க வேண்டும். நாலாவதைப் பற்றித்தான் நிறையப் பேச வேண்டியிருக்கிறது.

என் தொட்டி நாலடி நீளம். கல்லும் மணலும் போக ஏறக்குறைய 200 லிட்டர் தண்ணி பிடிக்கும். இரண்டு க்ளவுன் மீன், ஒரு டாம்செல், ஒரு க்ளீனர் இறால், கொஞ்சம் நத்தை, சன்னியாசி நண்டு. பவளம் கிடையாது. நான் மார்த்தாண்டத்தில் ஒரு லேபில் டெக்னீஷியன். அதனால் எந்தக் கடையில் எந்தத் தண்ணி வாங்கினாலும் அளந்து பார்க்காமல் தொட்டியில் ஊற்றும் வழக்கம் இல்லை. இந்த மதிப்புரையில் வரும் குறையும் நிறையும் அப்படி அளந்ததில் வந்தவை.

ஆர்ஓ டிஐ தண்ணி 20 லிட்டர் 60 ரூபாய். நாம் கேட்காமலே டிடிஎஸ் மீட்டரை முக்கிக் காட்டுகிறார்கள், பூஜ்யம் காட்டுகிறது. இதற்குப் போய்க் காசு கொடுப்பதா என்று என் வீட்டிலேயே கேட்டார்கள். நம் வெட்டுக்கல் பூமியில் கிணற்றுத் தண்ணி பல இடங்களில் மென்மையானதுதான், மீட்டரை வைத்தால் டிடிஎஸ் குறைவாகத்தான் காட்டும். ஆனால் அந்த மீட்டர், கரைந்திருப்பது எவ்வளவு என்று சொல்லுமே தவிர எது என்று சொல்லாது. வாழைக்குப் போட்ட உரத்திலிருந்து இறங்கிய நைட்ரேட்டா, பாஸ்பேட்டா, பழைய குழாயிலிருந்து வந்த செம்பா என்று அதற்குத் தெரியாது. செம்பு மிகக் கொஞ்சம் இருந்தாலும் மீன் தாங்கிவிடும். இறாலும் நத்தையும் தாங்காது. வீட்டு ஆர்ஓ மெஷினில் பிடித்தால் போதாதா என்றால், குடிக்க ருசி வேண்டும் என்பதற்காகப் பல மெஷின்களில் வடிகட்டாத தண்ணியைக் கொஞ்சம் திரும்பக் கலந்துவிடும் ஒரு திருகு வைத்திருக்கிறார்கள். நமக்கு அது நல்லது, தொட்டிக்கு ஆகாது.

உப்பு கலந்த தண்ணி கேன் 300 ரூபாய். இந்தக் கடையில் எனக்கு ரொம்பப் பிடித்தது இதுதான். கடைக்குப் பின்னால் நீல டிரம் இரண்டு இருக்கிறது. ராத்திரி தண்ணியை நிரப்பி, பம்ப்பை ஓட விட்டு, உப்பைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தூவுகிறார்கள். உப்பைக் கொட்டி வைத்து அதன்மேல் தண்ணி விட்டால் கால்சியமும் கார்பனேட்டும் சேர்ந்து வெள்ளைப் பொடியாக அடியில் இறங்கிவிடும். பிறகு எவ்வளவு கலக்கினாலும் கரையாது. 100 லிட்டருக்கு மூன்றரையிலிருந்து நாலு கிலோ வரை உப்பு பிடிக்கும். விடிய விடிய ஓடிய பிறகுதான் கேனில் அடைக்கிறார்கள், கேன் கழுத்தில் தேதியும் எழுதி ஒட்டுகிறார்கள்.

நான் அளந்தவரையில் அடர்த்தி (சுத்தத் தண்ணியை 1.000 என்று வைத்து) 1.025-க்கும் 1.026-க்கும் நடுவில்தான் நின்றிருக்கிறது. லேபில் சிறுநீர் அடர்த்தி பார்க்க வைத்திருக்கும் ரிஃப்ராக்டோமீட்டருக்கும் நான் இந்தத் தண்ணியை அளக்கும் ரிஃப்ராக்டோமீட்டருக்கும் வேலை ஒன்றுதான், அளவுக்கோடுதான் வேறு. மலிவாகக் கிடைக்கும் கருவிகள் பலவற்றில் கோடு சாதா உப்புக் கரைசலுக்குப் போட்டது. அதில் 35 பிபிடி (ஆயிரத்தில் 35 பங்கு உப்பு) கடல்தண்ணியை வைத்தால் 36.5 என்று காட்டும். ஆகவே வெறும் டிஸ்டில்ட் வாட்டரில் பூஜ்யம் பார்த்தால் போதாது, 35 பிபிடி என்று அளவு குறித்த திரவத்தில் ஒருக்கா சரிபார்த்துக்கொள்ள வேண்டும். கடையில் இருப்பதோ முள் ஆடும் பிளாஸ்டிக் ஹைட்ரோமீட்டர். முள்ளில் ஒரு குமிழ் ஒட்டினாலே அதிகம் காட்டிவிடும். அதைத் தட்டித் தட்டிப் பார்த்துத்தான் உப்பு போடுகிறார்கள், இருந்தும் சரியாக வருகிறது. கைப்பழக்கம் என்றுதான் சொல்ல வேண்டும்.

அதே கடையில் உப்பைப் பிரித்துக் கிலோக்கணக்கில் பாக்கெட் கட்டி விற்கிறார்கள். அதை வாங்காதீர்கள். பெரிய வாளியில் குலுங்கிக் குலுங்கி வந்த உப்பில் நைஸ் பொடி அடியிலும் பருமன் மேலேயும் நிற்கும். மேலாக அள்ளிய பாக்கெட்டில் ஒரு கலவை, அடியில் அள்ளியதில் வேறு கலவை. போதாததற்கு நம் ஊர் ஈரத்தில் கட்டி தட்டிப்போகிறது. உப்பு வேண்டுமென்றால் சீல் உடைக்காத வாளியாக வாங்கி, திறந்ததும் நன்றாகப் புரட்டிவிட்டு, மூடியை இறுக்கி வையுங்கள்.

உப்பு என்றதும் எல்லோரும் கேட்கிற கேள்வி: புத்தளத்திலும் சுவாமிதோப்பிலும் அளம் அளமாக விளைகிறதே, அதுவும் கடலிலிருந்து வந்ததுதானே, அந்தக் கல்லுப்பைக் கரைத்தால் என்ன? கடலிலிருந்து வந்ததுதான், கடல் முழுக்க வரவில்லை. பாத்தியில் தண்ணி வற்றும்போது முதலில் சுண்ணாம்புச் சத்து இறங்குகிறது, அடுத்து ஜிப்சம், அதற்குப் பிறகுதான் நாம் வாரும் உப்பு. மக்னீசியமும் பொட்டாசியமும் கடைசியில் மிஞ்சும் கசப்புத் தண்ணியோடு நின்றுவிடும், அதைத் திறந்து விட்டுவிடுவார்கள். வாரி எடுத்தது கருவாட்டுக்கும் ஊறுகாய்க்கும் அருமையான சோடியம் குளோரைடு. தொட்டிக்கு அது மட்டும் போதாது. கடல்தண்ணியில் கால்சியம் 400 பிபிஎம்-ஐ (பத்து லட்சத்தில் 400 பங்கு) ஒட்டி இருக்கும், மக்னீசியம் 1,300-ஐ ஒட்டி இருக்கும். நத்தை ஓடு கட்டுவதும் இறால் தோல் உரித்துப் புதுத்தோல் கெட்டிப்படுவதும் அவை இருந்தால்தான்.

இனி கடல்தண்ணி கேன். 80 ரூபாய். கடைக்காரரின் சொந்தக்காரர்கள் பொழியூர்ப் பக்கம் வள்ளம் வைத்திருக்கிறார்கள். தொழிலுக்குப் போகிற வள்ளத்தில் கேனையும் ஏற்றிவிட்டு, கரையை விட்டு நன்றாக உள்ளே போனபின் நிரப்பி வருகிறார்கள். தை, மாசி, பங்குனியில் வரும் அந்தத் தண்ணி அருமை. கண்ணாடி மாதிரி இருக்கும், அடர்த்தி சரியாக இருக்கும், நிறம் பார்த்து அளக்கும் என் டெஸ்ட் கிட்டில் நைட்ரேட் நிறமே வராது. விலை கால்பங்குதான் என்பதால் அந்த மாதங்களில் நான் இதைத்தான் வாங்குகிறேன்.

ஆனி, ஆடியில் கதை வேறு. கடல் கொந்தளிக்கும், வள்ளம் இறங்காது, ஆனாலும் கடையில் கேன் இருக்கும். அதெப்படி என்று கேட்டதற்கு, “கரையிலிருந்து கோரினது சேச்சி, துணியில அரிச்சுத்தான் எடுத்தது” என்றார். மறைக்காமல் சொன்னார், அந்த மட்டில் சந்தோஷம். ஆனால் நம் கரையைப் பாருங்கள். நெய்யாறு பூவாரில் விழுகிறது, குழித்துறை ஆறு தேங்காப்பட்டணத்தில் விழுகிறது. மழையில் பொழி, அதாவது ஆற்றுவாய் மணல்திட்டு, முறிந்து ஆறு செம்மண்ணோடு இறங்கும்போது கரையோரம் அள்ளினால் அது பாதிக் கடல், பாதி ஆறு. அந்த மாதம் வாங்கிய ஒரு கேன் 1.020-க்கும் கீழே நின்றது. போதாததற்குத் தென்மேற்குப் பருவக்காற்று காலத்தில் நம் கரைக்கு வெளியே ஆழத்துக் குளிர்ந்த தண்ணி மேலே ஏறி வருகிறது. சத்து நிறைந்த தண்ணி அது. நுண்பாசி பெருகி, அதைத் தின்ன மத்தியும் அயலையும் கூடுவது அதனால்தான். மீன்பிடிக்கிறவனுக்கு அது வரம். நைட்ரேட்டைக் குறைக்கத் தண்ணி மாற்றுகிற எனக்கு, பாஸ்பேட்டும் நைட்ரேட்டும் கலந்த தண்ணியைக் காசு கொடுத்து வாங்கி ஊற்றுவதில் என்ன லாபம்? ஐப்பசி, கார்த்திகையிலும் நமக்கு மழை உண்டு என்பதால் அப்போதும் அளந்துதான் வாங்க வேண்டும்.

இன்னொன்று: 2025 மே மாதம் எம்எஸ்சி எல்சா 3 கப்பல் கொச்சிக்கு அப்பால் மூழ்கியபின், வெள்ளைப் பிளாஸ்டிக் குருணை திருவனந்தபுரம் கரையையும் தாண்டி நம் குமரிக் கரையிலும் வந்து ஒதுங்கியது. அதற்குப் பிறகு கரையில் கோரிய கேனை நான் தொடுவதே இல்லை. துறைமுகத்துக்குள் அள்ளியது என்றால் எந்த மாதத்திலும் வேண்டாம், டீசல் படலம் மேலே மிதக்கும்.

நல்ல மாதத்துக் கேனையும் வாங்கிய அன்றே ஊற்றக்கூடாது. அதில் கண்ணுக்குத் தெரியாத உயிர்கள் நிறைய. கேனுக்குள் காற்று இல்லாமல் செத்து, அழுகி, அம்மோனியா ஆகும். இருட்டில் மூடி வைத்து, அடியில் கசடு தங்கவிட்டு, மேல்தண்ணியை மட்டும் துணிவடிகட்டி வழியாக இறக்கி, பம்ப் போட்டுக் காற்று ஏற்றி, அம்மோனியா பார்த்து, அதன்பின்தான் தொட்டிக்கு. இவ்வளவு மெனக்கெட முடியாதவர்கள் 300 ரூபாய் கேனோடு நின்றுகொள்வது நல்லது.

கார்டுக்கு வருகிறேன். என் அளவுத் தொட்டிக்கு மாதம் 2,000 ரூபாய், தண்ணியும் சேர்த்து. கார்டின் பின்பக்கம் ஒரே வரிதான்: பதினைந்து நாளுக்கு ஒருமுறை 25 சதவீதம். தொட்டி எவ்வளவு பெரியது, மீன் எத்தனை, தீனி எவ்வளவு என்று ஒரு கேள்வியும் கிடையாது. சுகர் 140 இருக்கிறவருக்கும் 400 இருக்கிறவருக்கும் ஒரே மாத்திரை எழுதின சீட்டு போலத்தான் எனக்குப் படுகிறது.

எதற்காகத் தண்ணி மாற்றுகிறோம்? மீன் கழிவும் மிச்சத் தீனியும் அம்மோனியா ஆகின்றன. கல்லில் குடியிருக்கும் பாக்டீரியா அதை நைட்ரைட் ஆக்கி, பிறகு நைட்ரேட் ஆக்குகிறது. முதல் இரண்டும் விஷம், நன்றாக ஓடுகிற தொட்டியில் அவை பூஜ்யமாகவே இருக்கும். நைட்ரேட் மட்டும் போக வழியில்லாமல் சேர்ந்துகொண்டே வரும். தண்ணியை மாற்றும்போது நாம் வெளியே எடுப்பது முக்கியமாக அதைத்தான்.

இதற்கு ஒரு எளிய கணக்கு உண்டு. ஒரு மாற்றத்துக்கும் அடுத்த மாற்றத்துக்கும் இடையில் நைட்ரேட் எவ்வளவு ஏறுகிறது என்று பாருங்கள். மாற்றும் பங்கால் அதை வகுத்தால், பல மாதம் அப்படியே செய்தால் நைட்ரேட் எந்த உச்சத்தில் போய் நிற்கும் என்று வந்துவிடும். புதுத்தண்ணியில் நைட்ரேட் இல்லை என்று வைத்துக்கொண்ட கணக்கு இது.

என் தொட்டியில் வாரம் 2 பிபிஎம் போல ஏறுகிறது. மீன் மூன்று, தீனி கொஞ்சம். கார்டுப்படி என்றால் பதினைந்து நாளில் 4 ஏறும், 25 சதவீதத்தால் வகுத்தால் 16. அதற்குமேல் போகாது. நானாக வாரம் 10 சதவீதம், அதாவது ஒரு கேன், மாற்றினால் 2-ஐப் பத்தில் ஒன்றால் வகுக்க 20. மீன் மட்டும் உள்ள தொட்டிக்கு 16-ம் ஒன்றுதான், 20-ம் ஒன்றுதான். முதலாவதற்கு மாதம் 2,000 ரூபாய், இரண்டாவதற்கு நாலு கேன் 1,200 ரூபாய். கடல்தண்ணி நன்றாக இருக்கும் மாதங்களில் அதுவும் இல்லை, 320 ரூபாயில் முடிந்துவிடும்.

என் கூட வேலை பார்க்கும் ஒருத்தியின் வீட்டில் இதே அளவுத் தொட்டி, இதே கார்டு. ஆனால் அங்கே மீன்கூட்டம். ஒரு லயன் மீன் வேறு, தினமும் இறாலும் மத்தித் துண்டும் தின்கிறது. வாரம் 10 ஏறுகிறது. கார்டுப்படி 20-ஐ 25 சதவீதத்தால் வகுத்தால் 80. அவள் வீட்டில் அளந்தபோதும் ஏறக்குறைய அந்தப் பக்கம்தான் நிறம் காட்டியது. பையன் தவறாமல் வருகிறான், தண்ணி தவறாமல் மாறுகிறது, கல் முழுக்கப் பச்சைப்பாசியும் குறையாமல் இருக்கிறது. எனக்குத் தேவைக்கு மேல், அவளுக்குத் தேவைக்குக் கீழ், இரண்டு பேருக்கும் ஒரே கார்டு. அவளுக்குச் சரியான வழி இன்னும் அதிகத் தண்ணி இல்லை, தீனியைக் குறைத்து, கழிவை நுரையாகப் பிரித்தெடுக்கும் ஸ்கிம்மரை ஒழுங்காக ஓட விடுவது. அதைக் கடை சொல்லவில்லை.

சின்னத் தொட்டிக்காரர்களுக்கு இன்னும் மோசம். 40 லிட்டர் நானோ தொட்டியில் ஒரு நத்தை கல்லிடுக்கில் செத்தால் ஒரே ராத்திரியில் அம்மோனியா ஏறிவிடும். பதினைந்தாம் நாள் வரப்போகும் பையனை நம்பி இருக்க முடியாது. சின்னத் தொட்டிக்கு வாரம் 10 முதல் 15 சதவீதம் வழக்கமாக இருக்கட்டும், அம்மோனியாவோ நைட்ரைட்டோ நிறம் காட்டினால் கிழமை பார்க்காமல் உடனே மாற்ற வேண்டும். பெரிய தொட்டி, குறைந்த மீன் என்றால் மாதம் 20, 25 சதவீதத்தோடு ஓட்டுகிறவர்கள் இருக்கிறார்கள், மீனும் நன்றாகத்தான் இருக்கிறது. கணக்குப்படி பார்த்தால் ஒரேயடியாக 40 சதவீதம் மாற்றுவது, 10 சதவீதமாக நாலு தடவை மாற்றுவதை விடக் கொஞ்சம் கூடுதல் பலன் தரும். நாலு தடவையில் உண்மையில் வெளியேறுவது 34 சதவீதம் சொச்சம்தான். ஆனாலும் நான் சின்ன மாற்றத்தின் பக்கம். ஒரேயடியாக மாற்றும்போது உப்போ சூடோ கொஞ்சம் பிசகினாலும் இறால் அன்றைக்கே காட்டிவிடும்.

பவளம் வைத்திருக்கிறவர்கள் தண்ணி மாற்றினாலே கால்சியமும் ஆல்கலினிட்டியும் (கார்பனேட் அளவு) சரியாகிவிடும் என்று நம்பிக் கார்டு எடுக்கிறார்கள். தொட்டியில் ஆல்கலினிட்டி 6 டிகேஹெச் (அதை அளக்கும் அலகு), புதுத்தண்ணியில் 8 என்று வைத்துக்கொள்ளுங்கள். பத்து சதவீதம் மாற்றினால் 6.2 ஆகும், அவ்வளவுதான். அதற்குத் தனியே மருந்து ஊற்ற வேண்டும், தண்ணி மாற்றம் அந்த வேலையைச் செய்யாது.

இதையெல்லாம் கடைக்காரரிடமே சொன்னேன். கோபப்படவில்லை. “சேச்சி லேபில இருக்குது, அளக்கும். இங்க வாற பத்துப் பேரில எத்தன பேரு கிட்டு வாங்கும்? தேதி போட்டுக் குடுத்தா மாத்தும். அளந்து பாத்து மாத்துங்கோன்னு சொன்னா மீன் சாகும் வரைக்கும் மாத்தாது” என்றார். அவர் சொல்வதில் நியாயம் இல்லை என்று என்னால் சொல்ல முடியவில்லை. அளக்கிற எண்ணமே இல்லாதவர்களுக்குத் தேதி நல்லதுதான். ஆனால் அந்தத் தேதியைத் தொட்டியைப் பார்த்துப் போட்டுக் கொடுக்கலாமே என்பதுதான் என் பக்கம். முதல்முறை வீட்டுக்கு வரும் பையன் ஒரு நைட்ரேட் கிட்டைக் கையில் கொண்டுவந்தால் முடிகிற காரியம் அது.

பையன் வந்து செய்யும் வேலையைப் பற்றியும் சொல்ல வேண்டும். கார்டை ஒரு மாதம் எடுத்துப் பார்த்தேன். மரியாதையான பையன், அருமனைக்காரன். ஹீட்டரையும் பம்ப்பையும் முதலில் அணைத்தான். தண்ணி இறங்கும்போது ஹீட்டர் வெளியே தெரிந்தால் கண்ணாடி வெடிக்கும் என்று அவனுக்குத் தெரிந்திருக்கிறது. மேல்தண்ணியை அள்ளாமல், குழாயை மணலை ஒட்டி ஓட்டிக் கசடைத்தான் உறிஞ்சி எடுத்தான். அது சரியான முறை.

மூன்று விஷயம் சரியில்லை. கேன்கள் மத்தியான வெயிலில் ஆட்டோவில் வந்தவை. தொட்டு வைத்துப் பார்த்தால் 34 டிகிரி, என் தொட்டி 27. அப்படியே 50 லிட்டர் ஊற்றினால் தொட்டி சட்டென்று ஒன்றேமுக்கால் டிகிரி ஏறும். நிழலில் வைத்து ஆறவிடச் சொன்னேன், முகம் சுளிக்காமல் காத்திருந்தான். ஆனால் எல்லா வீட்டிலும் யார் சொல்வார்கள்? அடுத்தது அந்தக் குழாய். அதே குழாய்தான் முந்தின வீட்டுத் தொட்டியிலும் இறங்கியிருக்கிறது, வாளியில் ஈரம் காயவில்லை. வெள்ளைப்புள்ளி நோய் வீடு விட்டு வீடு போக அதற்குமேல் வாகனம் வேண்டாம். என் குழாயை எடுத்துக் கொடுத்தேன்.

பெரிய தப்பு மூன்றாவது. பதினைந்து நாளில் ஆவியாகிக் குறைந்திருந்த மட்டத்தையும் உப்புத்தண்ணியாலேயே நிரப்பப் போனான். “எக்கா, எல்லா வீட்லயும் இப்பிடித்தான் ஊத்துவோம்” என்றான். ஆவியாகப் போவது வெறும் தண்ணி, உப்பு முழுக்கத் தொட்டியிலேயே நிற்கிறது. போனது பத்து லிட்டர் என்றால், அந்த இடத்தில் பத்து லிட்டர் உப்புத்தண்ணி விடும்போது 350 கிராம் உப்பு கூடுதலாகச் சேரும். 35 பிபிடி இருந்தது 36-ஐத் தாண்டும். ஒவ்வொரு தடவையும் இப்படியே செய்தால் ஏறிக்கொண்டே போகும். பங்குனி, சித்திரையில் சூட்டைக் குறைக்கத் தொட்டிமேல் ஃபேன் வைக்கிறவர்களுக்கு இன்னும் வேகமாக ஏறும். குறைந்ததை முதலில் ஆர்ஓ டிஐ தண்ணியால் பழைய கோட்டுக்குக் கொண்டுவர வேண்டும். அதன்பின் எவ்வளவு எடுத்தோமோ அவ்வளவு உப்புத்தண்ணி. கண்ணாடியில் மார்க்கர் பேனாவால் ஒரு கோடு போட்டு வைத்தால் யார் வந்தாலும் குழப்பம் இல்லை. இதைச் சொன்னதும் பையன் உடனே பிடித்துக்கொண்டான். கடையில் யாரும் அவனுக்குச் சொல்லிக் கொடுத்திருக்கவில்லை என்பதுதான் என் புகார்.

மீனைப் பற்றிச் சுருக்கமாக: க்ளவுன் மீன் ஹேச்சரியில் பொரித்ததா, கடலில் பிடித்ததா என்று கேட்டால் நேராகச் சொல்கிறார்கள். விழிஞ்ஞத்திலும் மண்டபத்திலும் இருக்கும் சிஎம்எஃப்ஆர்ஐ (மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனம்) நிலையங்கள் க்ளவுன் மீனைப் பொரிக்க வைக்கும் முறையில் வேலை செய்தவை. ஹேச்சரி மீன் தொட்டியிலேயே பிறந்தது என்பதால் குருணைத் தீனியைத் தயங்காமல் தின்னும், அதையே வாங்குங்கள். நான் நின்றுகொண்டிருக்கும்போதே ஒருவர் கடல்குதிரை கிடைக்குமா என்று கேட்டார், கேட்ட மாத்திரத்தில் இல்லை என்று அனுப்பிவிட்டார்கள். கடல்குதிரையும் கல்பவளமும் 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் உள்ளவை, அதில் அவை சேர்ந்தது 2001-இல். ‘யாருக்கும் தெரியாமல் தருகிறேன்’ என்கிற கடைகளும் உண்டு, இது அந்த ரகம் இல்லை. அதற்கே ஒரு ஸ்டார்.

மணலும் அங்கேயே வாங்கலாம், அரகோனைட் (சுண்ணாம்பு வகை) மணல் வைத்திருக்கிறார்கள். மணவாளக்குறிச்சிக் கருமணல் பார்க்க அழகாக இருக்கிறதே, ஓசியில் கிடைக்கிறதே என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். அதில் இல்மனைட்டும் மோனசைட்டும் கலந்திருக்கிறது. கண்ணாடி துடைக்கும் காந்தத்தில் கருமணல் ஒட்டிக்கொண்டு, துடைக்கத் துடைக்கக் கண்ணாடியில் கோடு விழும்.

என் மதிப்பெண்: ஆர்ஓ டிஐ தண்ணிக்கு ஐந்து. ரெடி உப்புத்தண்ணிக்கு நாலரை. கடல்தண்ணி கேனுக்குத் தை முதல் பங்குனி வரை நாலு, ஆனி ஆடியில் ஒன்று. கார்டுக்கு இரண்டு, அதுவும் பையனின் பொறுமைக்காக. உதிரி உப்புப் பாக்கெட்டுக்கு எதுவும் இல்லை.

போகிறவர்களுக்கு: ஞாயிறு மத்தியானத்துக்குமேல் பூட்டிவிடுவார்கள். வியாழன் ராத்திரி டிரம்மில் உப்பு கலக்குகிறார்கள், ஆகவே வெள்ளி சாயங்காலம் போனால் புதுத்தண்ணி கிடைக்கும். கேனுக்கு 150 ரூபாய் அட்வான்ஸ், காலிக் கேனைக் கொடுத்தால் திரும்பத் தந்துவிடுகிறார்கள். நான் சொந்தக் கேனையே கொண்டுபோகிறேன், உள்ளே வேறு என்ன இருந்தது என்ற சந்தேகம் வேண்டாமே. நிரம்பிய கேன் இருபதரை கிலோ கனம். பஸ்ஸில் போகிறவர்கள் ஒன்றுக்குமேல் ஆசைப்படாதீர்கள், களியக்காவிளை ஸ்டாண்டில் மாறி ஏறும்போது தோள் இறங்கிவிடும். ஸ்கூட்டரில் கொண்டுவந்தால் மூடிக்குக் கீழே ஒரு பாலித்தீன் துண்டு வைத்து இறுக்குங்கள். அவர்கள் மூடி கசியும், உப்புத்தண்ணி வழிந்த இடத்தில் வண்டி ஒரே மழைக்காலத்தில் துருப்பிடித்துவிடும்.